சேர்மன் டவர்

சேர்மனை வெட்டியபோது நான் காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். படகுகள் கரை சேர்ந்து மீன் ஏலம் சூடு பிடித்திருந்த காலை நேரம். துறைமுகத்துத் தரை முழுக்க ஐஸ் தண்ணீரும் செதிலுமாகக் கிடந்தது. வெள்ளை வேட்டி அழுக்காகாமல் எங்கே மிதிக்கலாம் என்று பார்க்க, ஒரு காலை வெளியே நீட்டித் தலையைத் தாழ்த்தினார். முதல் வெட்டு பிடரியில் விழுந்தது.

யாரோ கூடை மீனைக் காரின் கூரைமேல் கொட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு ஈரச் சத்தம். பிறகு என் முகத்தில் சூடாக எதுவோ தெறித்தது. சேர்மன் "டேய்" என்றார். அது என்னைக் கூப்பிட்டதா, வெட்டியவனை அதட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

வந்தது மூன்று பேர். இரண்டு பேர் துண்டால் முகத்தைக் கட்டியிருந்தார்கள். மூன்றாவது ஆள் எதையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, படகில் வலை இழுக்கிறவன். அவனை நான் அந்தத் துறைமுகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டீக்கடையில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு வெட்டுக்கும், "இது என் தம்பி கைக்கு! இது என் தம்பி கைக்கு!" என்று கத்தினான். கத்தும்போது அழுதுகொண்டிருந்தான். மூக்கிலிருந்து நீர் ஒழுகியது.

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். என் காரின் கதவில் ஒரு மனிதனை வெட்டுகிறார்கள், கை தானாகப் போனது. கத்தி என் இடது கையில் இறங்கியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கீழே விழுந்ததை நான் பார்க்கவில்லை. கை சட்டென்று லேசாகிவிட்டது போலிருந்தது, அவ்வளவுதான். ஏலம் கூவிக்கொண்டிருந்தவர்கள் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். மூன்று பேரும் கத்திகளைத் தண்ணீரில் வீசிவிட்டுக் கல் கொட்டிய கரைமேல் ஓடினார்கள்.

சேர்மனை உள்ளே இழுத்துப் போட்டு வண்டியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கனத்த மனிதர். என் கையோ வழுக்கியது. காரின் படியில் தலை கிடக்க, மேலே பார்த்தபடி அவர் போய்ச் சேர்ந்தார். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. சேர்மன் ஊர்க்காரர், நான் காலனி. அவர்களுடைய நஞ்சையில்தான் என் அம்மாவும் அப்பாவும் கூலிக்கு நட்டார்கள், அறுத்தார்கள். அவர் ஒரு காலத்தில் ஒன்றியச் சேர்மனாக இருந்தார். பதவி போன பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரி வைத்தார். கட்சியிலும் அந்தப் பக்கத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள். காலையில் ஊரிலிருந்து கிளம்பிக் கடலுக்குப் போவதும், பொழுது சாய்ந்ததும் திரும்பி வருவதும்தான் எங்கள் வேலை. அவர் பின்சீட்டில், நான் ஸ்டியரிங்கில்.

அவர் டிராக்டரில்தான் நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் எடுத்ததும் காருக்கு அவரே கூப்பிட்டார். "காலனிக்காரன நம்பி உயிர குடுக்கறியே" என்று அவர் பங்காளிகள் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு மாட்டுக் கொட்டகைப் பக்கம்தான். வழியில் காரை நிறுத்திச் சாப்பிட்டால், அவர் டிபன் கேரியரிலிருந்து பாதியை எடுத்து வைப்பார். இரண்டும் அவர்தான்.

துறைமுகத்தில் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்ட வைத்தது அவர். புயலில் படகுகள் உடைந்தபோது அதிகாரிகள் மேஜைமேல் உடைந்த துடுப்பைப் போட்டுக் கத்தியதும் அவர்தான். கடற்கரைச் சனங்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பயமும் உண்டு. கை நீட்டுவதற்கு அவருக்குக் காரணம் தேவையில்லை. செங்கல்பட்டில் ஒரு தெருவில் தப்பாகத் திருப்பியதற்கு ஓடுகிற வண்டியிலேயே என் பின்மண்டையில் செல்போனால் அடித்தார். இன்னொரு முறை பெட்ரோல் பங்கில், எல்லோர் முன்பும், கன்னத்தில்.

ஐஸ் பேக்டரியில் ஒரு பையன் வேலை செய்தான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. அவன் அண்ணன் போகிற படகுக்குச் சொல்லாமல் ஐஸ் பார் கொடுத்தான் என்று சேர்மனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரை விட்டு அவனைக் குப்புறப் பிடிக்கச் சொன்னார். வலது கையைத் தரையில் விரித்து வைக்கச் சொன்னார். ஆள் உயர ஐஸ் பார் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். அதை அவரே காலால் தள்ளினார். கதவருகே கார் சாவியோடு நின்றிருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஐஸ் உடைந்ததா எலும்பு உடைந்ததா என்று பிரிக்க முடியாத சத்தம். மிஷினில் மாட்டிக்கொண்டது என்று வெளியே சொன்னார்கள். அந்தப் பையனும் அப்படியே சொன்னான். திரும்பும்போது சேர்மன் காரில், "திருட்டுப் பய" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

வெட்டியவன் அந்தப் பையனின் அண்ணன்.

நான் அரசு மருத்துவமனையில் கிடந்தபோது வெளியே நடந்ததெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. ஷட்டர் இறக்கத் தாமதித்த டீக்கடைக்காரரைப் பாய்லரோடு தள்ளிவிட்டார்கள், அவருக்கு மார்பெல்லாம் வெந்துபோனது. கடற்கரையில் வெட்டியவனின் வீட்டையும் அதன் இரண்டு பக்கத்து வீடுகளையும் கொளுத்தினார்கள். வலை எரிந்த புகை கறுப்பாக இருந்ததாம். மூன்று பேரும் கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார்கள். ஆனாலும் ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டரில் அவர்கள் பேச்சே இல்லை. ஏலக் குத்தகைக்காரர்தான் கொன்றார் என்று இருந்தது. அவர் எதிர்க்கட்சிக்காரர். துறைமுகத்து ஏலத்தைக் குத்தகை எடுப்பதில் அவருக்கும் சேர்மனுக்கும் நெடுநாள் தகராறு. மேடையில் ஒருவரை ஒருவர் கண்டபடி பேசியிருக்கிறார்கள். ஆனால் அன்று காலை அவர் அங்கே இல்லை.

போலீஸ் கேட்டபோது நான் பார்த்ததைச் சொன்னேன். யார் வெட்டினான், என்ன கத்தினான், எல்லாம்.

சேர்மனின் மகன் என் வயதுக்காரன். அவன் அப்பா விழுந்த அதே இடத்தில், கடலை ஒட்டி, நினைவுக் கோபுரம் எழுப்ப ஏற்பாடு செய்தான். படகில் வெகுதூரம் போனாலும் தெரிய வேண்டும், உச்சியில் கட்சி நிறத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று சொன்னானாம். வலை உலர்த்துகிற இடம் அது என்று சொல்லப் போன வயசாளி ஒருவரைத் தலைகீழாகத் தூக்கிக் கடலில் முக்கி எடுத்தார்கள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கடைக்கால் தோண்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது என்னை வரச் சொல்லி ஆள் வந்தது. கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன்.

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் ஏழெட்டுப் பேர். சென்ட்ரிங் பலகைகள் அடுக்கியிருந்த இடம். கலவை மிஷின் நின்றிருந்தது.

"வா. கை எப்டி கீது?"

"ஆறிக்கினு வருதுண்ணே."

"கோர்ட்ல உன்னதான் மொத சாட்சியா போட்டுக்கீறாங்க."

"சொன்னாங்கண்ணே."

"வெட்டும்போது அவன் இன்னா சொன்னான்?"

"தம்பி கைக்குன்னு சொன்னான்ணே."

"இல்ல. 'குத்தகைக்காரர் சொன்னாரு, முடிச்சிட்டோம்'னு சொன்னான். அவரு வண்டி ஏலக் கொட்டாய்க்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்துச்சி. நீ பாத்த."

"நான் பாக்கலண்ணே."

அவன் கோபப்படவில்லை. கட்டி நின்ற கம்பிகளைக் கையால் காட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எங்கப்பா ஒரு ஐஸ்காரப் பையன் கைக்கோசரம் செத்தாருன்னு இந்த டவர்ல எழுதச் சொல்றியா?"

"நீங்க இன்னா வேணா எழுதிக்குங்கண்ணே. என்னக் கூண்டுல ஏத்திக் கேட்டா, கண்ணால பாத்ததுதான் வாயில வரும்."

பின்னாலிருந்து பலகையால் அடித்தார்கள். முழங்கால் மடங்கி விழுந்தேன். அப்புறம் எங்கே அடிக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள் என்று கணக்கில்லை. விலாவில் பூட்ஸ் கால். பல் ஒன்று நாக்கில் கிடந்தது. "சேர்மன் சோத்த தின்னு வளந்த நாயே" என்று ஒருவன் ஒவ்வொரு உதைக்கும் சொன்னான். நான் கட்டுப் போட்ட கையை வயிற்றோடு மடித்துக்கொண்டேன். அதை இழுத்துத் தரையில் வைத்தார்கள். ஒருவன் அதன்மேல் ஏறி நின்றான். நான் போட்ட கூச்சலில் ஏலக் கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே சேர்மனின் மகன் தன் ஆள் ஒருவனுக்குச் சைகை காட்டினான். கலவை மிஷினைப் போட்டார்கள். கருங்கல் ஜல்லி உருளுகிற அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலிருந்து ரத்தம் வழிந்து, அன்று காலையில் போட்டிருந்த கான்கிரீட்டில் பரவியது. மேஸ்திரி வந்து அதன்மேல் ஒரு சட்டி சிமெண்டைத் தூவினார். என்னைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

அவர்கள் சாப்பிடப் போனதும் சித்தாள் வேலை செய்த பெண் ஒருத்தி குடத்துத் தண்ணீரை என் வாயில் ஊற்றினாள். "எழுந்து போய்டுண்ணா. திரும்பி வந்தா ஏதாவது குழில போட்டு மூடிடுவானுங்க. இவனுங்க செய்வானுங்க" என்றாள். அவசரமாக ஊற்றியதில் தண்ணீர் மூக்கில் ஏறியது. நான் எழுந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் மட்டும் ஒரு பழைய பேப்பரைக் கொடுத்துக் கைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார், சீட்டில் கறை படுகிறதாம்.

என் மனைவி ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், கழுத்தில் அட்டையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். என் சட்டையைக் கழற்றினாள், காய்ந்த இடம் தோலோடு பிய்ந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏரிக்கரைமேல் விறுவிறுவென்று நடந்தாள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவளைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை.

சேர்மன் வீட்டு கேட்டை இரண்டு கையாலும் ஆட்டினாள். ஊரில் திறந்திருந்த கதவுகளெல்லாம் பாதி சாத்திக்கொண்டன. சேர்மனின் மனைவி வெளியே வந்தார். வெறும் நெற்றியோடு அவரை அன்றுதான் பார்த்தேன்.

"யம்மா, உங்க வூட்டுக்காரர காப்பாத்தப் போயி ரெண்டு வெரல குடுத்துட்டு வந்தான் எம்புருஷன். மிச்சம் கீறதயும் உங்க புள்ள மிதிச்சி நசுக்கிட்டான். இந்தாங்க சட்ட. எடுத்துக்கினு போயி உங்க டவர்ல மாட்டுங்க!"

"கத்தாத" என்றார் அந்த அம்மா. அவர் குரல் உயரவே இல்லை. "கத்தி இன்னா ஆவப்போவுது? நான் சொல்லி கேக்கறவங்க இந்த வூட்ல எந்தக் காலத்திலயும் இல்ல."

ரவிக்கைக் கையைத் தோள்வரைக்கும் ஏற்றிக் காட்டினார். சதை குழிந்து, தோல் பளபளப்பாக ஒரு பழைய தீக்காயம்.

"இது அவரு குடுத்தது. இத பாத்துக்கினேதான் இவன் வளந்தான். உம்புருஷன இட்டுக்கினு எங்கனா போயிடு. இவன் நிறுத்த மாட்டான்."

"நாங்க எங்கம்மா போறது? எங்க வூடு இங்கதான் கீது."

அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் மனைவி சட்டையைக் கேட்டின் ஈட்டிக் கம்பியில் குத்திவிட்டு வந்தாள்.

அந்த வாரமே வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் திரும்புகிற நேரத்தில் காலனிக்குள் நாலைந்து பைக்குகள் நுழைந்தன. முகங்கள் எல்லாம் ஊர்முகங்கள்தான். முதலில் வாசலில் நின்ற என் பழைய பைக்கைச் சாய்த்துப் பெட்ரோல் டியூபைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். பிறகு சாட்சி எங்கே என்று கேட்டு வீட்டு ஓட்டின்மேல் கல் எறிந்தார்கள். நான் வாசலுக்கு வந்தேன். ஒருவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான், கண்ணுக்குள் வெள்ளையாக வெடித்தது. அடிபம்பின் கைப்பிடி கழன்று பல நாளாகத் திண்டுமேல் கிடந்தது. என் மனைவி அதை எடுத்தாள். குனிந்து, மரம் வெட்டுகிற மாதிரி பக்கவாட்டில் வீசினாள். அவன் முழங்கால் பக்கவாட்டில் மடங்கியதை நான் பார்த்தேன். முழங்கால் அப்படி மடங்கக் கூடாது. அவன் மாடு கத்துவது போல் கத்தினான். அதற்குள் காலனிப் பெண்கள் மாடியிலிருந்து உடைந்த செங்கல்லை வீசினார்கள். ஒருவனுக்கு நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவர்கள் முழங்கால் போனவனை இரண்டு பைக்குக்கு நடுவே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

என் மனைவி கைப்பிடியைக் கீழே வைக்கவே இல்லை. வண்டி எரிந்து அடங்கும்வரை அதைப் பிடித்தபடி நின்றாள். "இன்னும் ரெண்டு போட்ருக்கணும்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பார்த்தும் பயம் வந்தது. இரண்டு பக்கமும் வழக்குப் போட்டார்கள். அவள் லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்குப் போய்வந்தாள்.

கொலை வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டில் நடந்தது. என்னைக் கூண்டில் ஏற்றிய அன்று மகன் பெஞ்சில் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அரசு வக்கீல் கேட்டார், வெட்டியவரை அடையாளம் காட்ட முடியுமா? காட்டினேன். விரலில்லாத கையால் காட்டாதே, வலது கையால் காட்டு என்றார் நீதிபதி. காட்டினேன். வெட்டியவன் என்னைப் பார்த்து ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினான். வேறு யாராவது அங்கே இருந்தார்களா, யார் பெயரையாவது சொன்னார்களா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். என்ன சொல்லி வெட்டினார் என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தம்பி, என்ன கை என்று அடுத்த கேள்வி வந்தது. அதையும் சொன்னேன். ஐஸ் பார், விரித்த கை, காலால் தள்ளியது, எல்லாம். குற்றவாளிக் கூண்டில் வெட்டியவன் மடங்கி உட்கார்ந்து கம்பியில் தலையை இடித்துக்கொண்டு அழுதான். போலீஸ்காரர் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

வெளியே வராந்தாவில் அவன் அம்மா எனக்காகக் காத்திருந்தாள். மீன் விற்கிற பெண். கையில் இன்னும் செதில் ஒட்டியிருந்தது. என் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"எம்புள்ளய காட்டிக் குடுத்துட்டியேடா! அவன் செஞ்சது ஞாயம்னு உனக்குத் தெரியாது?"

"கைய நசுக்கனதயும் சொல்லிட்டேம்மா."

"சொன்னா? சின்னவனுக்குக் கை மொளைக்குமா? பெரியவன் வூட்டுக்கு வருவானா?"

அறைந்தாள். மறுபடியும் மறுபடியும் அறைந்தாள். நான் தடுக்கவில்லை, தடுத்தால் அவள் விழுந்துவிடுவாள் போலிருந்தது. போலீஸ்காரர்கள் அவளை இழுத்துப் பிரித்த நேரத்தில் மகனின் ஆள் ஒருவன் பக்கவாட்டில் வந்து உள்ளங்கையைக் குழித்து என் இடது காதில் அடித்தான். உள்ளே எதுவோ கிழிந்தது. அடித்தவன் கூட்டத்தில் கரைந்துபோனான். அந்தக் காதில் இப்போதும் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் இருக்கிறது.

மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. குத்தகைக்காரர் மேல் மகன் போட வைத்த வழக்கு நிற்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களால் நம்ப முடியவில்லை. தேர்தல் வந்தது. மேலே இரண்டு கட்சிக்கும் கூட்டணி ஆனது. மகனும் குத்தகைக்காரரும் ஒரே ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். சேர்மனுக்காகப் பஸ்ஸை உடைத்தவர்கள், குத்தகைக்காரருக்காக மண்டை உடைந்தவர்கள், எல்லோரும் அந்த ஜீப்புக்குப் பின்னால் வந்தார்கள். டீக்கடைக்காரர் வெந்த மார்பைத் துண்டால் மூடிக்கொண்டு கடைவாசலில் நின்று பார்த்தார்.

கோபுரத் திறப்பு விழாவுக்கு முன்னால் மகன் காலனிக்கே வந்தான். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் எங்கள் தெருவில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கையில் பொன்னாடை.

"பழச வுடு. எல்லாம் முடிஞ்சி போச்சி. மேடைல வந்து உக்காரு. அப்பாவ காப்பாத்தப் போயி வெட்டுப்பட்டவன்னு சொல்லுவோம். கைய தூக்கி ஜனங்களுக்குக் காட்டு, போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"எதக் காட்டணும்ணே? அவனுங்க வெட்டனதயா, நீங்க மிதிச்சதயா?"

"பொம்பளகிட்ட நான் பேசல."

"பேசித்தான் ஆவணும். இது எங்க வூடு."

பொன்னாடையை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். அவன் கை ஓங்கியது. அப்படியே அவன் அப்பாவின் கை. என் மனைவி ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அதற்குள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். ஓங்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டு காரில் ஏறினான். பின்னால் எடுத்தபோது எங்கள் கோழி ஒன்று சக்கரத்தில் மாட்டியது. கூழாகப் போனது. நிறுத்தாமல் போய்விட்டான்.

விழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து லாரி லாரியாக ஆள் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கட்டு. மேடையில் யார் கட்சிக் கொடி உயரமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறது. தலைவர்கள் மேலே கைகோத்து நிற்க, கீழே கொடிக் கம்பைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கம்பு கண்ணில் குத்தி, ஒரு கண் போயே போய்விட்டது. அவன் அம்மா எங்கள் நூறு நாள் வேலைக் கூட்டத்தில் ஏரி வேலைக்கு வருகிறவள். விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் போனவர்களிடம், "சேர்மன் டவருக்குப் போய்க்கினு வந்தான்" என்று மட்டும் சொன்னாள். கோயிலுக்குப் போய்வந்தான் என்பது போலச் சொன்னாள்.

சேர்மனின் மனைவி விழாவுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். போக மறுத்தாரா, யாரும் கூப்பிடவில்லையா, தெரியாது.

இப்போது நான் ஒரு மீன் வியாபாரிக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். கியர் போட மூன்று விரல் போதும். ரொம்ப நாள் வேறு துறைமுகங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அங்கே மட்டும்தான் வஞ்சிரம் வந்திருக்கிறது என்று முதலாளி அனுப்பினார். போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனேன்.

டவர் நான் நினைத்ததைவிட உயரம். கறுப்புக் கிரானைட், வழவழவென்று. உச்சியில் விளக்கு. பனிமூட்டத்தில் அதைப் பார்த்துத்தான் கரையைப் பிடிக்கிறோம் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள், அதை நான் மறைக்கக் கூடாது. அடியில் நிழலில் நாலு லோடுமேன்கள் இலையை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றிப்போய்க் கல்வெட்டைப் படித்தேன். சேர்மன் பெயர், பட்டங்கள், சேவைகள். அதற்குக் கீழே இரண்டு வரி இருந்த இடம் மட்டும் கல்லின் நிறம் மாறியிருந்தது. உளியால் கொத்தி, கறுப்புக் கலவையை அடைத்துத் தேய்த்திருந்தார்கள். வெயில் சாய்வாக விழுந்ததால் 'எதிர்க்கட்சித் துரோகிகளின்' என்ற சொற்கள் மட்டும் லேசாகத் தெரிந்தன.

"இன்னா தேட்றீங்க?" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்டார். வெளியூர்க்காரர், என்னைத் தெரியாது.

"கூட்டணி வந்தப்புறம் அழிச்சிட்டாங்க போல" என்றேன்.

"அதுவா? அடுத்த தேர்தல்ல திருப்பி எழுதுவாங்க" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காதுக்குள் அந்த மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பெட்டிகளை ஏற்றினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் உருகுவதற்குள் சாலவாக்கம் தாண்டிவிட வேண்டும் என்று வண்டியை எடுத்தேன்.